நீல வெளிச்சத்தைப் படம் பிடித்த கதை

(நமது திருவனந்தபுரம் நிருபர்)

கேரளத்தில் யட்சிகளுக்குப் பஞ்சமே கிடையாது. பனைமரத்தில் குடியிருப்பாள், இரவில் தனியாக வருகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுக்கப் போனவன் விடியும்போது நகமும் முடியுமாகக் கிடப்பான். இங்குள்ள பாட்டிமார் சொல்லும் இந்தக் கதை நம் பக்கத்து நீலி கதைக்குப் பங்காளிதான். மேல்நாட்டில் இதே ரத்தக் காட்டேரி டிராகுலா என்ற பெயரில் கோட்டையில் வசிக்கிறது. ஆனால் மலையாளத் திரையின் முதல் பேய்ப்படம் என்று பெயர் வாங்கிய 'பார்கவி நிலைய'த்துப் பேய்க்கு ரத்தமும் தேவைப்படவில்லை, கோரைப் பல்லும் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் போதுமாக இருந்தன.

படம் வெளியான ஆண்டு 1964. அதற்குப் பிறகு மலையாளப் படத்தில் எந்தப் பேய் வந்தாலும் பெரும்பாலும் அதே வெள்ளைச் சேலையில்தான் வந்தது. அந்தப் பேய் திரைக்கு வந்த விதத்தில் நம் தமிழ் ரசிகர்களுக்கும் சம்பந்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

நமக்குத் தெரிந்த காமிராமேன்

படத்தை டைரக்ட் செய்தவர் ஏ. வின்சென்ட். கோழிக்கோட்டுக்காரர். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் தொழில் பழகியவர். 'கல்யாணப் பரிசு', 'தேன் நிலவு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று டைரக்டர் ஸ்ரீதரின் படங்களை வரிசையாக ஒளிப்பதிவு செய்தவர் இவரே. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கதை ஏறக்குறைய முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். ஆனாலும் சலிப்புத் தட்டாது. ஒரே கட்டடத்தை வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் ஓட்டும் வித்தை வின்சென்டுக்கு அங்கேயே கைவந்துவிட்டது.

1963-ல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கும் காமிரா வின்சென்டுதான். பாழடைந்த மாளிகை, முற்பிறவி நினைவு, கிழ ஜமீன்தாராக எம்.என். நம்பியார் என்று அதுவும் அச்சமூட்டும் படம். அதற்கு அடுத்த ஆண்டு 'காதலிக்க நேரமில்லை' கலரில் வந்து ஊரையே சிரிக்க வைத்தது. அதே 1964-ல்தான் வின்சென்ட் முதல் தடவையாக டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து 'பார்கவி நிலைய'த்தை எடுத்தார். தமிழில் கலர்ச் சிரிப்பு, மலையாளத்தில் கறுப்பு வெள்ளைப் பயம். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே மனிதர்.

படத்தின் தயாரிப்பாளர் டி.கே. பரீக்குட்டி. இவருடைய 'நீலக்குயில்' 1954-ல் வந்தது. அதற்குக் காமிரா வின்சென்ட். டைரக்டர்கள் இருவரில் ஒருவர் கவிஞர் பி. பாஸ்கரன். பத்து வருஷம் கழித்து அதே மூவரும் மீண்டும் சேர்ந்தார்கள். பாட்டுகளைப் பாஸ்கரன் எழுதினார். இந்தத் தடவை காமிராவைப் பாஸ்கர் ராவ் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டார் வின்சென்ட்.

சின்னக் கதை, பெரிய வீடு

கதை வைக்கம் முகம்மது பஷீருடையது. பெயர் 'நீலவெளிச்சம்'. தமிழனுக்கு மொழிபெயர்க்க வேண்டாத தலைப்பு. சில பக்கங்களே உள்ள சிறுகதை அது. எழுத்தாளன் ஒருவன் வாடகைக்கு வீடு தேடிப் பிடிக்கிறான். வாடகை குறைவு. வந்த பிறகுதான் தெரிகிறது, அது பேய் வீடு. பார்கவி என்ற பெண் அங்குள்ள கிணற்றில் விழுந்து செத்திருக்கிறாள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, போக வேறு இடமில்லை. ஆகவே அவன் பேயோடு சமாதானமாக இருக்க முடிவு செய்து, பார்கவியிடம் பேச ஆரம்பிக்கிறான். கிராமபோனில் பாட்டுப் போட்டுக் கேட்க வைக்கிறான். ஒருநாள் இரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்து போகிறது. நண்பர்களிடம் வாங்கி வரப் போகிறான். திரும்பி வந்து பார்த்தால், எண்ணெயில்லாத விளக்கு எரிகிறது. அறை முழுதும் நீல வெளிச்சம். ஏற்றியது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் கதை.

வெளியூரில் வாடகை வீடு தேடி அலைந்த நம்மில் யாருக்கும் இந்த எழுத்தாளனின் நிலைமை புரியும். முன்பணம் போய்விடுமே என்ற பயம் பேய்ப் பயத்தைவிடப் பெரியது.

இந்தச் சிறு கதையை முழுநீளப் படமாக்க வேண்டும். அதற்கான திரைக்கதையையும் வசனத்தையும் பஷீரே எழுதினார். கதையில் செத்துப்போனவளாக மட்டும் வரும் பார்கவிக்குப் படத்தில் ஒரு வாழ்க்கை கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பாடகன் சசிகுமாரோடு காதல், குறுக்கே நிற்கும் நாணுக்குட்டன் என்ற உறவுக்காரன், நடந்தது தற்கொலைதானா என்ற சந்தேகம் எல்லாம் படத்துக்காகச் சேர்ந்தவை. எழுத்தாளன் பார்கவியின் கதையைத் துப்புத் துலக்கி எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டுகிறான். முடிவைப் படம் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறோம்.

நம் பக்கத்து முகங்கள்

எழுத்தாளனாக நடித்த மது திருவனந்தபுரத்துக்காரர். நடிகராவதற்கு முன் நாகர்கோவிலில் இந்துக் கல்லூரியிலும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் இந்தி விரிவுரையாளராக இருந்தவர். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரயில் பாதை வந்தது 1979-ல்தான். அவர் காலத்தில் பஸ்ஸை நம்பித்தான் போய்வர வேண்டும். கல்லூரி வேலையை விட்டுவிட்டு டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் முதல் அணியில் சேர்ந்தார். நிரந்தர உத்தியோகத்தை உதறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் படத்தில் ஆளில்லாத அறைகளைப் பார்த்தே பல காட்சிகளில் வசனம் பேசினார். எதிரே ஒருவர் இருப்பதாக ரசிகன் நம்பியது இவர் நடிப்பால்தான்.

சசிகுமாராக நடித்த பிரேம் நசீரின் ஊர், கொல்லம் வண்டியில் போனால் இங்கிருந்து பக்கத்திலேயே வரும் சிறயின்கீழ். பார்கவியாக நடித்த விஜய நிர்மலா பிற்பாடு தெலுங்கில் டைரக்டராகி, மிக அதிகமான படங்களை இயக்கிய பெண் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். பத்மதளாட்சன் என்ற கோழிக்கோட்டு நாடக நடிகருக்கு இதில் குதிரவட்டம் பப்பு என்று ஒரு வேஷம். பஷீர் வைத்த அந்தப் பெயரே வாழ்நாள் முழுவதும் அவருக்கு நிலைத்துவிட்டது. படத்தில் தனிமையைப் பற்றிய பாட்டைப் பாடிய கமுகற புருஷோத்தமன் திருவட்டாற்றுக்காரர்; அந்த ஊர் இன்று நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது.

கறுப்பு வெள்ளையில் நீலம் ஏது?

இங்கேதான் ஒரு வேடிக்கை. கதையின் உயிரே நீல வெளிச்சம். படமோ கறுப்பு வெள்ளை. மலையாளத்தின் முதல் கலர்ப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' 1961-லேயே வந்துவிட்டது. அதை எடுத்ததும் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்தான். இருந்தாலும் கலர் பிலிம் அன்று எட்டாத விலை. கறுப்பு வெள்ளை பிலிமில் நீலமும் சாம்பல், பச்சையும் சாம்பல். ஆகவே கதையின் தலைப்பு போய், வீட்டின் பெயரே படத்தின் பெயராயிற்று.

நீலம் இல்லையென்றால் என்ன, நிழல் இருக்கிறதே. கறுப்பு வெள்ளைக் காமிராக்காரர்களுக்கு அன்று கைகொடுத்த வித்தைகள் சில உண்டு. பகல் வெளிச்சத்தில் லென்ஸுக்கு முன் சிவப்பு பில்டர் போட்டு எடுத்தால் நீல வானம் கறுத்துப் போகும். ரசிகன் அதை நிலா வெளிச்சம் என்று நினைத்துக்கொள்வான். விளக்கை உயரத்தில் வைக்காமல் தரையோரம் வைத்தால், தெரிந்த முகமே வேறு முகமாகிவிடும். ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் விழுந்தால் வீடே சிறைச்சாலையாகும். வெள்ளைச் சேலையின் ரகசியமும் இதுதான். இருட்டில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு பளிச்சிடும். சுற்றியுள்ள எல்லாம் மறைந்து, உருவம் மட்டும் மிதப்பதுபோல் தோன்றும். விளக்கைத் தூக்கிப் பிடித்த லைட்மேனின் கை கொஞ்சம் அசைந்தாலும் பேய் வெறும் நடிகையாகிவிடும்.

நீலச் சாயத்தில் நனைந்த காட்டேரி

இதே நீல வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. 1922-ல் ஜெர்மனியில் எஃப்.டபிள்யூ. முர்னோ என்ற டைரக்டர் 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப் படத்தை எடுத்தார். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா' நாவலைத் தழுவிய படம். காட்டேரியாக வந்தவர் மாக்ஸ் ஷ்ரெக். அன்றைய பிலிமுக்கு இருட்டில் கண் தெரியாது. ஆகவே இரவுக் காட்சிகளையும் பட்டப்பகலில் எடுத்தார்கள். பிறகு அந்தப் பகுதி பிலிமை நீலச் சாயத்தில் தோய்த்து எடுத்தார்கள். திரையில் நீலமாகத் தெரிந்தால் அது இரவு என்று ரசிகன் புரிந்துகொள்வான்.

பிற்காலத்தில் சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகள் உலகெங்கும் சுற்றின. அவற்றில் காட்டேரி தன் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் தெருவில் நடந்து போகும்! சாயத்தொட்டியில் கை நனைத்த தொழிலாளியின் வேலை விடுபட்டுப் போனால் இரவே பகலாகிவிடுகிறது.

இன்னொரு சங்கதி. சூரிய வெளிச்சம் பட்டால் காட்டேரி செத்துவிடும் என்று இன்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஸ்டோக்கர் நாவலில் அப்படி இல்லை. அதில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயிலில் காட்டேரி அழிவது இந்தச் சினிமாக்காரர்கள் சேர்த்தது.

கேட்காமல் எடுத்த கதை

ஆனால் அந்த ஜெர்மன் கம்பெனி ஒரு காரியத்தைச் செய்யவில்லை. கதைக்கு உரிமை வாங்கவில்லை. டிராகுலா என்பதை ஓர்லோக் என்று மாற்றினார்கள், லண்டனை ஜெர்மன் ஊராக்கினார்கள், அவ்வளவுதான். ஸ்டோக்கர் 1912-லேயே இறந்துவிட்டார். அவர் மனைவி ஃபிளாரன்ஸ் எழுத்தாளர் சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார். கம்பெனி திவாலானது, அது எடுத்த முதல் படமும் கடைசிப் படமும் அதுவேயானது. 1925-ல் நெகட்டிவையும் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று கோர்ட் தீர்ப்பாயிற்று.

அதற்குள் சில பிரதிகள் நாடு கடந்து போய்விட்டன. பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும்: வண்டியேறிப் போய்விட்ட பெட்டியைத் திருப்பி வரவழைப்பது லேசான காரியமில்லை. அப்படித் தப்பிய பிரதிகளால்தான் படம் இன்று நம் கைக்குக் கிடைக்கிறது. படம் பிழைத்தது நல்லதுதான். அதற்காக அந்த விதவை செய்தது தப்பு என்று சொல்ல முடியுமா? கணவனின் உழைப்புக்குக் கூலி கேட்டது குற்றமாகாது.

இதோடு ஒப்பிட்டால் 'பார்கவி நிலைய'த்தின் பெருமை புரியும். கதையை எழுதியவரே பேனாவைப் பிடித்து அதைச் சினிமாவாக்கினார். சேர்த்ததும் அவரே, மாற்றியதும் அவரே.

மீண்டும் அதே வீடு

ஆனாலும் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. படத்தின் பாட்டுகளுக்கு இசையமைத்த எம்.எஸ். பாபுராஜ் சிறுவயதில் ரயிலிலும் தெருவிலும் பாடிப் பிழைத்தவர். இந்தப் படத்தில் யேசுதாஸ் பாடிய பாட்டை மலையாளிகள் இன்றும் கண்மூடிக் கேட்கிறார்கள். பாபுராஜோ கடைசிக் காலத்தில் வறுமையில் வாடி, 1978-ல் சென்னையில் காலமானார்.

2023-ல் டைரக்டர் ஆஷிக் அபு அதே கதையை மீண்டும் எடுத்தார். எழுத்தாளனாக டோவினோ தாமஸ், பார்கவியாக ரீமா கல்லிங்கல். இந்தத் தடவை கலர். பஷீரின் 'நீலவெளிச்சம்' என்ற பழைய தலைப்பும் ஐம்பத்தொன்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. பழைய பாட்டுகளையும் புது இசைக்கோர்வையோடு பயன்படுத்தினார்கள். பாபுராஜின் குடும்பத்தார் ஆட்சேபம் தெரிவித்தார்கள். முறைப்படி உரிமை பெற்றே பயன்படுத்தினோம் என்று தயாரிப்புத் தரப்பு பதில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. பாடுபட்டவனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி, ஃபிளாரன்ஸ் ஸ்டோக்கர் காலத்திலிருந்து மாறவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

வின்சென்ட் பிறகு 'முறப்பெண்ணு', 'துலாபாரம்' என்று பேர் சொல்லும் படங்களை இயக்கினார். தமிழில் சிவாஜியின் 'வசந்த மாளிகை'க்கு அவர்தான் காமிரா. கேரள அரசு அவருக்கு 1996-ம் ஆண்டுக்கான ஜே.சி. டேனியல் விருதைக் கொடுத்தது. 2015-ல் சென்னையில் காலமானார்.

'பார்கவி நிலைய'த்தைப் பார்க்க இப்போது கொட்டகைக்கு அலைய வேண்டியதில்லை, செல்போனிலேயே பார்க்கலாம். மலையாளம் சரியாகப் பிடிபடாதவர்களுக்கும் புரியும். லீவு நாளில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் பெயர்கள் வரும்போது மட்டும் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். பேயை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான்.