தில்லியில் வாங்கிய லாரியும் தொப்பூர் இறக்கமும்

சரோஜினி நகர் என்றவுடன் தில்லித் தமிழர்களின் நினைவில் எழுவன விநாயகர் ஆலயமும் துணிக்கடைகளும்தாம். மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்த ஏழு அரசுக் குடியிருப்புகளின் மறுகட்டுமானத் திட்டத்தில் இப்பகுதியும் இடம்பெற்றதால், மணலும் கம்பியும் இடிபாடுகளும் சுமக்கும் லாரிகளும் அக்காட்சியில் சேர்ந்துகொண்டன.

தலைநகரில் டீசல் லாரிக்கு ஆயுள் குறைவு. பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதிசெய்தது. பின்னர்ச் சில தளர்வுகள் வந்தபோதிலும், வயதான லாரிகள் தடையின்மைச் சான்றுடன் பிற மாநிலங்களுக்கு விலைபோவது தொடர்கிறது. முதன்முதலாகச் சொந்த லாரி வாங்க விழைவோருக்கு அவ்விலை கவர்ச்சியானதே. விற்பவரின் கடன் தீர்ந்து, பதிவுச் சான்றில் உள்ள அடமானக் குறிப்பு படிவம் 35 வாயிலாக நீக்கப்பட்டுவிட்டதா, படிவம் 28-இன்படி தடையின்மைச் சான்று பெறப்பட்டுள்ளதா என்பவற்றைப் பலரும் கவனமாகப் பார்க்கின்றனர். பிரேக்கை அவ்வாறு பார்ப்பவர் சிலரே.

தில்லி பெரும்பாலும் சமவெளி. அங்கே நன்றாக நிற்கும் லாரி மலைச்சரிவிலும் நிற்கும் என்று கொள்ளலாகாது. தில்லி வழியே வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் சேலம் நோக்கி இறங்குகிறது. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த சிமென்ட் லாரி ஒன்று பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்மீது மோதியதில் நால்வர் உயிரிழந்தனர்.

இறக்கத்தில் நிகழ்வதை ஒரு கணக்கால் அறியலாம். மொத்தம் 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கீழ்க் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனை வெப்பமும் பிரேக் டிரம்முக்கே போய்ச் சேரும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் தளரும். பலமுறை லேத்தில் கடைந்து மெலிந்துபோன டிரம் இன்னும் விரைவாகச் சூடாகும்.

ஆகவே, விற்பனைக்கு முன் புது லைனிங் அடித்திருப்பதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. பட்டறை வசதி மிகுந்த சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் போன்ற இடத்திலேயே, விலை பேசி முடிக்குமுன், எல்லாச் சக்கரங்களையும் கழற்றிக் காட்டும்படி கேட்பதே முறை. 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது பொருந்தாது. நாமக்கல் பட்டறைக்கு இச்சாலை வழியே வரும் லாரி தொப்பூரை இறங்கித்தான் வரவேண்டும்.

டிரம்மின் உள்விட்டம் அதன்மீது பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டியிருந்தாலோ, விரிசல் தென்பட்டாலோ மாற்றுவதைத் தவிர வழியில்லை. நீலம் பாய்ந்த திட்டுகள் முன்பு கடுஞ்சூடு ஏறியதைக் காட்டும். லைனிங்கில் கிரீஸ் ஊறியிருந்தால் ஹப் சீலையும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லையேல் புதிய லைனிங்கும் சில வாரங்களில் நனைந்துவிடும். கேம் புஷ்ஷின் ஆட்டம், தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், சேம்பரின் டயாஃப்ரம், ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். ஒரு சக்கரத்தில் செய்யும் வேலையை அதே அச்சின் மறு சக்கரத்திலும் செய்யாவிடில், பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஒரு பக்கத்துச் செலவை மிச்சம் பிடிப்பது எவ்வகையிலும் சிக்கனமன்று.

பட்டறைப் பணியாளருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங், பூட்டு போல்ட் இடாமல் திறந்தால் உயிரைப் பறிக்கும் விசையுடன் பாயும். பழைய லைனிங்கில் புற்றுநோய் விளைவிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

உதிரி உறுப்புகளைப் பொறுத்தவரை நமக்கு ஒரு பெருமை உண்டு. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய இரண்டும் 1962-இல் தொடங்கப்பெற்று, சென்னைப் பாடியில் வளர்ந்த நிறுவனங்கள். வடக்கே கழற்றும் சக்கரத்திலும் தமிழகத்தில் செய்த உறுப்பைக் காண்பது அரிதன்று. பெயரொத்த போலிகளும் உலவுவதால் ரசீதுடன் வாங்குவது நலம்.

இவ்வேலைக்கு ஆகும் தொகையை வாங்கும் விலையோடு கூட்டியே கடன் தேவையைக் கணக்கிடவேண்டும். எட்டாண்டு கடந்த சரக்கு வாகனத்திற்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டியிருப்பதால், பிரேக் பராமரிப்பு ஆண்டுச் செலவிலும் இடம்பெறும்.

வேலை முடிந்தபின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் காற்றுக் கசிவைப் பார்த்துக்கொண்டு புறப்படலாம். புதிய லைனிங் டிரம்மோடு படிந்து பொருந்தச் சிறிது ஓட்டம் தேவை. தில்லியிலிருந்து தொப்பூர் 2,000 கிலோமீட்டருக்கு மேல். தொடக்கத்தில் பாரமின்றி ஓட்டிப் பார்த்து, வழியில் ஒருமுறை ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிபார்த்து, தருமபுரி தாண்டியதும் கீழ்க் கியருக்கு மாறிவிடவேண்டும்.