காளானுக்குப் பெயர் வைத்தவர்

அரூர்ப் பக்கத்திலிருந்து மலையேறினால் சித்தேரி. சாமையும் தினையும் விளையும் மலை. மலையாளி என்ற பெயர்கொண்ட பழங்குடி மக்களின் மலை. இடியும் மழையுமாக ஓர் இரவு கழிந்தால், மறுநாள் காலை புற்று மேட்டைச் சுற்றி வெண்குடைகள் விரிந்து நிற்கும். நகரத்தான் பார்த்தால் நாய்க்குடை என்று காலால் எற்றிவிட்டுப் போவான். மலைப்பெண் அப்படிப் போகமாட்டாள். குனிவாள்; மண்ணை விலக்குவாள்; வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கும் அடித்தண்டைப் பார்ப்பாள்; இது புற்றுக்காளான், குழம்புக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொள்வாள். பத்தடி தள்ளி நிற்கும் இன்னொரு வெண்குடையைத் தொடமாட்டாள். அது பள்ளிக்கூடத்தில் படித்த பாடமல்ல. பாட்டி சொல்லிக் கொடுத்தது.

பாட்டி அறிந்ததைப் பாரெல்லாம் அறியும்படி எழுதி வைப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, தோழர்களே! காளான்களைத் தேடி, இனம் பிரித்து, பெயர் சூட்டும் விஞ்ஞானியின் தொழில். ஊர்வலம் இல்லை, மாலை இல்லை. நம்மிலே எத்தனை பேர் அப்படி ஒருவரின் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர இயல் உயராய்வு மையத்தில் கே. நடராஜன் என்றொரு பேராசிரியர் இருந்தார். தென்னிந்தியக் குடைக்காளான்களைத் தேடிச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர். புற்றுக்காளான்களில் ஓர் இனத்தை அதுவரை எவரும் விவரித்ததில்லை என்று கண்டு, 1979-ல் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'மைக்கோலஜியா' என்ற ஏட்டில் அதற்குப் பெயர் வைத்தார்: டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி. நம் மண்ணின் மக்கள் காலங்காலமாகக் குழம்பு வைத்துத் தின்ற சாதியைச் சேர்ந்த காளான், அன்றுதான் உலகத்தின் ஏட்டில் பதிவாயிற்று.

ஹெய்மி என்றால் யார்? பிரெஞ்சுக் காளான் அறிஞர் ரோஜர் ஹெய்ம். புற்றுக்காளான்களெல்லாம் தனிக் குடும்பம் என்று கண்டு, 1942-ல் டெர்மிட்டோமைசஸ் என்ற இனப்பெயரைத் தந்தவர் அவர்தான். அந்த ஆண்டைக் கவனியுங்கள். பாரிஸ் நகரம் நாஜிப் படையின் பூட்ஸ் காலடியில் கிடந்த காலம். பகலில் காளான் ஆராய்ந்த அந்த மனிதர் எதிர்ப்பு இயக்கத்திலும் பங்குகொண்டார், காட்டிக் கொடுக்கப்பட்டார், புக்கன்வால்ட், மவுத்தவுசன் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர். பிற்பாடு பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தின் தலைவராகவும் இருந்தார். பாசிசத்தை எதிர்த்து நின்ற ஒருவரின் பெயரை நம் புற்று மேட்டுக் காளான் சுமந்து நிற்கிறது என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவதை மறைப்பானேன்?

அந்தக் காளானின் கதையும் சாமானியமானதல்ல. கறையான் மரத்தை அரித்துத் தின்று, தன் கழிவால் புற்றுக்குள்ளே தேன்கூடு போன்ற ஒரு பாத்தி கட்டுகிறது. அந்தப் பாத்தியில் பூஞ்சையைப் பயிரிடுகிறது. பூஞ்சை மரத்தைச் செரிக்கப் பதப்படுத்தித் தருகிறது. கறையான் அதைத் தின்று வாழ்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சை மண்ணைப் பிளந்து வெளியே நீட்டும் குடைதான் நாம் பறிக்கும் காளான். மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே கறையான் பயிர்த்தொழில் செய்தது. அதன் பயிரை நம் பண்ணைகளில் விளைவித்துக் கட்டுப்படியாக்க இன்றுவரை மனிதனுக்குக் கைவரவில்லை!

பெயர் வைப்பதுதானே, அதிலென்ன பாடு என்று கேட்கலாம். காளான் காத்திருக்காது. பறித்த மறுநாள் நிறம் மாறும், அதற்கடுத்த நாள் அழுகும். எனவே மழையில் நனைந்தபடியே நிறம், மணம், தண்டு, வளையம், அடிப்பை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். குடையை வெட்டித் தாள்மேல் கவிழ்த்து இரவு முழுதும் வைத்தால், வித்துத்தூள் உதிர்ந்து ஒரு கோலம் போட்டிருக்கும்; அது வெள்ளையா, இளஞ்சிவப்பா, பழுப்பா, கறுப்பா என்று பார்க்க வேண்டும். இளஞ்சூட்டில் உலர்த்த வேண்டும். நுண்பெருக்கியின் அடியில் வித்துக்களை அளக்க வேண்டும். பிறகு உலகில் எங்கெங்கோ எழுதப்பட்ட விவரங்களோடு ஒப்பிட வேண்டும். புது இனம்தான் என்று தெளிந்தால், இலத்தீனிலே வருணனை எழுத வேண்டும்! 2011 முடியும்வரை அதுதான் சட்டம். இலத்தீனில் எழுதாத பெயர் செல்லாது.

ஒப்பிடுவதற்கு மூல மாதிரிகள் எங்கே இருந்தன? இலங்கைப் பேராதனைத் தோட்டத்திலிருந்து த்வைட்ஸ் என்ற வெள்ளைக்காரர் காளான்களை உலர்த்திக் கப்பலேற்ற, இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியாரும் புரூம் என்பவரும் அமர்ந்து அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பெர்க்லியின் சேகரிப்பு 1879-ல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயிற்று. நம் காட்டுக் காளானுக்குச் சாட்சி லண்டனில். இந்த நிலையை மாற்றத்தான் சென்னையில் சதாசிவன் வழியில் ஒரு பரம்பரை எழுந்தது. அவருடைய மாணவர் சி.வி. சுப்பிரமணியன், எர்ணாகுளத்தில் 1924-ல் பிறந்தவர்; காளானின் உறவான பூசணங்களை வகைப்படுத்தி உலகப் பெயர் எடுத்தவர். 1973-ல் இந்தியப் பூஞ்சையியல் கழகத்தை அமைத்தவர். மாதிரிகளைக் காக்கும் உலர்தாவரக் கூடம் சென்னையிலேயே இருக்கிறது. அந்த வழியில் வந்தவர்தான் நடராஜன்.

இதனால் ஏழைக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். அதே பெர்க்லியும் புரூமும் 1869-ல் இலங்கைக் காப்பி இலையின் துரு நோய்க்குப் பெயர் வைத்தபோது, அது வெறும் பூசணப் பெயர் என்றுதான் பலர் எண்ணினர். இருபது ஆண்டு ஆவதற்குள் அந்தத் துரு காப்பித் தோட்டங்களை அழித்தது, தேயிலை வந்தது, நம் தமிழ்த் தொழிலாளி காப்பி பறித்த கையால் கொழுந்து கிள்ளினான். நல்ல உதாரணமும் உண்டு. 1974-ல் வங்காளத்தைச் சேர்ந்த புர்க்காயஸ்தாவும் சந்திராவும் கலோசைபி இண்டிகா என்று ஒரு காளானுக்குப் பெயர் சூட்டினர். அதுதான் பால் காளான். 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் ஏ.பி.கே. 2 ரகத்தை வெளியிட்டது. குளிர்சாதனம் கேட்காமல் நம் வெயிலிலேயே வைக்கோலில் விளையும் அதை இன்று கூரைக் கொட்டகையில் வளர்த்துப் பிழைப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

லாபத்தைவிடப் பெரியது உயிர். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துப் பாட்டாளிக் குடும்பத்தார். கூலி போதாத வீட்டில் காடு தருவதுதான் கறி. அந்தக் கறி எமனானது. வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், புழு தின்றால் நல்லது என்றெல்லாம் சொல்கிறார்களே, அத்தனையும் பொய். கொடிய அமனிட்டா காளானின் நஞ்சு கொதித்தாலும் சாகாது. உண்டு ஆறு மணி நேரம், சில வேளை ஒரு நாள்வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும். அடுத்து நலமானதுபோல ஒரு மயக்கம். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

உலகில் பூஞ்சை இனங்கள் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் மதிப்பிட்டார்கள். பெயர் பெற்றவை ஒன்றரை லட்சம் அளவுதான். மிச்சத்துக்குப் பெயர் வைக்கப் போகிறவர் யார்? வகைப்படுத்தும் படிப்புக்கு வேலையில்லை என்று பிள்ளைகள் வேறு துறைக்கு ஓடுகிறார்கள். மலையடிவாரக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவரை நியமித்து, பாட்டிகளின் அறிவையும் பேராசிரியரின் அறிவையும் ஒரே ஏட்டில் எழுத வைக்கும்படி நாம் சர்க்காரைக் கேட்கிறோம்.

அதுவரை ஒன்று சொல்லி வைப்போம். காளான் தின்றவருக்கு வாந்தி கண்டால் காத்திராதீர்கள். சரியாகிவிட்டது என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சட்டியில் மிஞ்சியதையும், பறித்த இடத்தில் நிற்கும் ஒரு முழுக் காளானை அடியோடு தோண்டியும், பிளாஸ்டிக் பையில் அல்ல, காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள்.