மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் கத்தியில்லாச் சிகிச்சையும்

கையால் பால் கறப்போர், அறுப்பிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் பிடியை இறுக்கி வேலை செய்வோர், பவர் டில்லரின் அதிர்வைக் கையில் தாங்குவோர் ஆகியோரிற் சிலருக்கு இரவில் விரல்கள் மரத்து எரிச்சல் காண்பதுண்டு. இதை வாதமென்றெண்ணித் தைலம் தேய்த்தே பலர் மாதக்கணக்கிற் காலங் கழிக்கின்றனர். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதே இதற்குக் காரணமாயிருக்கலாம். டாக்டர்கள் இதைக் கார்ப்பல் டன்னல் வியாதி என்பர்.

காரணம்: மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளாலும் உறுதியான தசைநாராலும் அமைந்த குறுகிய வழி ஒன்றுண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. தசைநாண்களின் உறை தடித்தால் வழி அகல்வதில்லை, நரம்பே நசுங்கும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் நெருக்கம் மிகும். நீரிழிவு, தைராய்டுக் குறைவு, கர்ப்பம், உடற்பருமன் ஆகியவையும் இதற்கு இடங்கொடுக்கும். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகமாகப் பீடிக்கிறது.

அடையாளம்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலிற் பாதி ஆகியவை மரக்கும், சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பும். கையை உதறினால் சற்றுத் தணியும்.

சிகிச்சை முறைகள்:

1. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைக் குறைந்தது 6 வாரம் அணிந்துவர வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும், இறுகக் கட்டலாகாது.

2. வேலையைப் பகிர்ந்து, இடையிடையே கைக்கு ஓய்வளிக்க வேண்டும். மழுங்கிய அரிவாள் அதிக பலத்தைக் கேட்குமாதலால் அதை அடிக்கடி தீட்டுக. டில்லரின் கைப்பிடிக்கு ரப்பர் உறையிடுதல் நன்று.

3. டாக்டர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. இங்கிலாந்தில் நடத்தி 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 6 வாரத்தில் ஊசி பெற்றோர் பட்டை அணிந்தோரைவிட அதிகக் குணமடைந்திருந்தனர். 6 மாதத்தில் இருசாராருக்கும் வித்தியாசமில்லை. எனவே ஊசிக்கு வசதியில்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறக்கூடுமாதலால் நீரிழிவுள்ளோர் அதை டாக்டரிடம் முன்னரே கூற வேண்டும்.

4. நீரிழிவு, தைராய்டுக் குறைவு இருப்பின் அவற்றுக்கும் சிகிச்சை பெறவேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்திற்குப்பின் பெரும்பாலும் தணிந்துவிடும். வலி மாத்திரைகளால் நரம்பின் நெருக்கம் நீங்காது.

எச்சரிக்கை: மரப்பு ஓயாமல் நீடித்தாலும், பெருவிரலின் அடிச்சதை வற்றினாலும், பிடித்த பாத்திரம் நழுவினாலும் பட்டையை நம்பிக் காத்திருக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் போன பலம் முற்றும் திரும்பாமற் போகவுங்கூடும்.

கறவைக்கு இன்னோர் ஆளை ஒரு மாதம் அமர்த்தும் செலவு, பழகிய ஆளின் கையை இழப்பதைவிடச் சொற்பமே. ஆகவே பண்ணைக்காரர்கள் தங்கள் ஆட்களை விசாரித்தறிவதும், கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தை ஊரார் அறியச் செய்து, குறி கண்டவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் காலத்தே அனுப்புவதும் பெரும் பயன் தரும்.