நாலு கிலோ பொங்கலும் ஒரு புழுப் பெட்டியும்



இந்தக் கிழமை பொட்காஸ்டில் வீட்டு சென்சர்கள் பற்றிக் கதைக்கும்போது, "சென்சரை நம்பி நான் ஒரு புழுப் பெட்டியைக் கெடுத்த கதை இருக்கு, நியூஸ்லெற்றரில் எழுதுறன்" என்று சொல்லியிருந்தேன். இதுதான் அது. கதையோடு சேர்த்து, மண்புழு உரம் எப்படி உருவாகிறது, ஒரு வகுப்பிலோ கொமியூனிற்றி சென்ரரிலோ அதை எப்படிச் செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. அக்காவின் மகள் அங்கே படிக்கிறாள். இடைவேளை முடிய வாழைப்பழத் தோலும் அப்பிள் நடுவும் தேத்தண்ணிப் பையுமாக ஒரு பை குப்பை சேரும். "இதை மண்புழுவுக்குப் போட்டால் உரமும் வரும், பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் வரும்" என்று நான்தான் போய்ச் சொன்னேன். மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, 450 கிராம் புழு, கட்டடத்தின் ஸ்ரோர் ரூமில் ஒரு மூலை. நான் ஐரி ஆள் இல்லையா, சும்மா விடுவேனா? வெப்பநிலைக்கு ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று என்று சென்சர் பூட்டி, போனிலேயே பார்க்கிற மாதிரிச் செய்தேன். எல்லாம் சரியென்றால் பச்சை. பிழையென்றால் சிவப்பு.

மூன்று மாதம் நன்றாகப் போனது. பிறகு தைப்பொங்கல் விழா வந்தது. ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் மிஞ்சியது, நாலு கிலோ வரும். "எறியாதையுங்கோ" என்று வாங்கி, முழுவதையும் பெட்டிக்குள் கொட்டியது நான்தான்.

புதன்கிழமை கட்டடப் பொறுப்பாளர் போன் எடுத்தார். ஸ்ரோர் ரூம் மணக்குதாம். நான் போனைப் பார்த்தேன்: 21 பாகை, பச்சை. "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமை அக்காவின் மகள் மூடியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் முழுக்கப் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்தவை செத்துக் கரைந்திருந்தன. அவள் என்னைப் பார்த்து, "மாமா, உங்கட போன் பொய் சொல்லியிருக்கு" என்றாள்.

புழு உண்மையில் என்ன சாப்பிடுகிறது?

மண்புழுவுக்குப் பல் இல்லை. நாங்கள் போடுகிற தோலை அது கடித்துத் தின்பதில்லை. முதலில் பக்டீரியாவும் பூஞ்சணமும் அதை இளக்கவேண்டும். அந்த இளகலை, நுண்ணுயிர்களோடு சேர்த்து, புழு உறிஞ்சி எடுக்கும். கோழிக்கு இருக்கிற மாதிரி அதற்கும் அரைக்கிற பை ஒன்று உண்டு. அரைப்பதற்குக் கொஞ்சம் மணலோ முட்டைக் கோதுத் தூளோ வேண்டும். மூச்சு விடுவது தோலால். அதனால் தோல் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். ஆனால் தண்ணீர் நிறைந்து காற்று அற்றுப்போனால் மூச்சு முட்டிவிடும்.

இப்போது பொங்கலுக்கு வருவோம். சீனி, சோறு, பால். நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. ஒரேயடியாகப் பெருகி, இருந்த ஒட்சிசனை முடித்து, சூட்டையும் கிளப்பின. காற்று முடிந்ததும், காற்றில்லாமல் வாழும் வேறு பக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொண்டன. புளிப்பும் நாற்றமும் அவற்றால்தான். புழுக்களுக்கு 15 முதல் 25 பாகை வரை சுகம், 30ஐத் தாண்டினால் ஆபத்து. சென்சர் பொய் சொல்லவில்லை. நான் அதைக் கீழ் மூலையில் குத்தியிருந்தேன், அந்த மூலை 21 பாகைதான். நடுவில் நடந்ததும் காற்று முடிந்ததும் அதற்குத் தெரிய வழியே இல்லை.

கணக்கு

இந்தக் கணக்கை எனக்கு முன்பே ஒருவர் போட்டு வைத்திருக்கிறார். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வாழ்ந்த உயிரியல் ஆசிரியை மேரி அப்பல்ஹொஃப், வீட்டுக்குள் புழு வளர்ப்பது பற்றி 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். வகுப்பறைகளுக்கான பாடப் புத்தகம் ஒன்றையும் 1993இல் இன்னும் இருவரோடு சேர்ந்து கொண்டுவந்தார். அவருடைய விதி எளிது: ஒரு நாளைக்கு எவ்வளவு உணவுக் கழிவோ, அதைப்போல இரண்டு மடங்கு எடைப் புழு. எங்களிடம் இருந்தது 450 கிராம். அப்படியென்றால் நாளுக்கு 225 கிராம், கிழமைக்கு ஒன்றரைக் கிலோ. நான் ஒரே நாளில் போட்டது கிட்டத்தட்ட இரண்டரைக் கிழமைச் சாப்பாடு. சேர்வருக்கு அளவுக்கு மிஞ்சி ரிக்வெஸ்ற் வந்தால் வரிசையில் நிற்கவைக்கலாம். பெட்டிக்குள் வரிசை இல்லை, போட்டது எல்லாம் அன்றைக்கே புளிக்கத் தொடங்கும்.

எத்தனை குப்பை சேருது என்று பார்த்துப் போடக்கூடாது. எத்தனை புழு இருக்கு என்று பார்த்துத்தான் போடவேண்டும். மிஞ்சினது கிரீன் பின்னுக்கு.

நீங்கள் தொடங்குவதானால்

தோட்டத்து மண்ணைக் கிண்டி எடுக்கிற பெரிய புழு சரிவராது. அது ஆழத்தில் வளை தோண்டி வாழ்வது. உங்களுக்கு வேண்டியது ஐசீனியா ஃபெற்றிடா என்கிற சிவப்புப் புழு. எருக் குவியலிலும் உக்கின இலைக்குள்ளும் மேலாக வாழ்கிறது.

பழைய பேப்பரைக் கீலம் கீலமாகக் கிழித்து நனைத்து முக்கால் பெட்டிக்குப் போடுங்கோ. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளிதான் விழவேண்டும். ஒழுகினால் காய்ந்த பேப்பர் சேருங்கோ. பக்கங்களில் காற்றுத் துளை வேண்டும். சாப்பாட்டை ஒவ்வொருமுறை ஒவ்வொரு மூலையில் புதைத்து, மேலே பேப்பரால் மூடினால் இலையான் வராது. மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, கோப்பித் தூள் எல்லாம் சரி. இறைச்சி, மீன், எண்ணெய், பால், உப்புக் கறி வேண்டாம். தேசிக்காய்த் தோல் கொஞ்சமாக. முதல் மாதம் கணக்கில் பாதி மட்டும் போடுங்கோ.

காட்டில் விடாதையுங்கோ

அன்றைக்குப் பிள்ளைகள் அழுதுகொண்டே கேட்டார்கள்: "மிச்சப் புழுவைப் பின்னால இருக்கிற பள்ளத்தாக்கில விடுவமா?" நல்ல மனசு, ஆனால் கூடாது. கனடாவின் பெரும்பகுதி பனிப்பாறைக்குக் கீழே இருந்த நிலம். பனி விலகிய பிறகு இங்கே வளர்ந்த காடுகள் மண்புழு இல்லாமலே பழகினவை. இன்று ஒன்ராறியோவில் காணுகிற புழுக்கள் ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து மனிதரோடு வந்தவை. அவை நிலத்து இலைப் படுக்கையைத் தின்று முடிக்க, அதை நம்பி முளைக்கிற மேப்பிள் கன்றுகளும் காட்டுப் பூக்களும் குறைந்துபோகின்றன. புழுவும் அதன் உரமும் சாடியோடும் வீட்டுத் தோட்டத்தோடும் நிற்கட்டும்.

கிரீன் பின் இருக்கே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. ரொறன்ரோவின் கிரீன் பின் எலும்பையும் இறைச்சியையும்கூட எடுக்கும். அதைப் பெரிய தொட்டிகளில் காற்றில்லாமல் புளிக்கவைத்து எரிவாயுவும் எடுக்கிறார்கள். எங்கள் பெட்டியில் பிழையாக நடந்தது அங்கே வேண்டுமென்றே, அதற்கென்று கட்டிய இடத்தில் நடக்கிறது. பொங்கல் போயிருக்கவேண்டிய இடம் அதுதான். புழுப் பெட்டி நகரத்தின் குப்பையைத் தீர்க்காது. வாழைப்பழத் தோல் மண்ணாகிறதை ஒரு பத்து வயதுப் பிள்ளை கண்ணால் பார்க்கிறதுக்குத்தான் அது.

இப்போது

ஒரு விசயம் பிறகுதான் தெரிந்தது. செவ்வாயும் வியாழனும் அதே கட்டடத்தில் மூத்தோர் கூடுவார்கள். அவர்களில் ஒரு ஐயா, வன்னியில் தோட்டம் செய்தவர், அந்தச் செவ்வாய்க்கிழமையே மூடியைத் திறந்திருக்கிறார். "புளிச்சுப் போச்சு, மேல போட்டதை அள்ளி எடுக்கச் சொல்லுங்கோ" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியும் இருக்கிறார். யாரிடம் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. பெட்டியில் என் பெயர் இல்லை. சென்சருக்கு வைஃபை கொடுத்த நான், அந்த ஐயாவுக்கு ஒரு போன் நம்பர் கொடுக்கவில்லை.

பொறுப்பாளர் இரண்டு மாதத் தவணை தந்தார். பொங்கலை அள்ளி, புதுப் பேப்பர் போட்டு, தப்பினவற்றைக் கையால் பொறுக்கி விட்டோம். மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. ஆனால் அழுகலுக்குள் எலுமிச்சை வடிவத்தில், மல்லி விதையளவில், முட்டைக்கூடுகள் கிடந்தன. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்கள். ஒரு கூட்டுக்குள் இருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும். கோடை வர, பெட்டி பழைய நிலைக்கு வந்துவிட்டது. உரம் இப்போது அக்கா வீட்டுக் கறிவேப்பிலைச் சாடியில்.

சென்சர் இன்னும் இருக்கிறது, நடுவில். பெட்டிக்கு மேலே ஒரு கொப்பியும் தராசும் இருக்கின்றன. சனிக்கிழமை பிள்ளைகள் நிறுத்துப் போடுவார்கள், மணந்தும் எழுதுவார்கள். செவ்வாய்க்கிழமை ஐயா திறந்து பார்ப்பார். நல்ல பெட்டிக்கு மழை பெய்த மண்ணின் மணம்தான் இருக்கும்.

நீங்களும் தொடங்கினால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ. புழு வாங்கமுதல் ஒன்று செய்யுங்கோ: பெட்டியின் மூடியில் உங்கட பெயரையும் போன் நம்பரையும் பெரிதாக எழுதிவிடுங்கோ.