4 கோலில் உலகப் புகழ்... ஒரே பதிலில் சரிவு! - ரஷ்ய ஸ்டார் அர்ஷாவின் கதை

2009, ஏப்ரல் 21. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். 172 செ.மீ உயரமே உள்ள ஒரு ரஷ்ய வீரர், லிவர்பூல் வலைக்குள் நான்கு முறை பந்தை அனுப்புகிறார். ஆட்டம் 4-4 என டிரா. ஆர்சனல் அடித்த நான்கு கோல்களுமே அவருடையவை! நான்கு விரல்களைக் காட்டியபடி அவர் நிற்கும் போட்டோ இன்றும் மீம்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர்தான் ஆண்ட்ரே அர்ஷாவின்.

கணக்கு வேறு... காதல் வேறு!

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ரஷ்யாவில் அவரைவிடப் பெரிய ஆட்கள் உண்டு. ஜெனித் அணியில் அவரோடு ஆடிய கெர்ஷகோவ், தேசிய அணிக்காக 30 கோல்கள் அடித்தவர். கோல்கீப்பர் அகின்ஃபீவ் ஆடியது 111 போட்டிகள். அர்ஷாவின் ஆடியது 75, அடித்தது 17 கோல்கள்தான்.

ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடியது அர்ஷாவினைத்தான். காரணம், 2008. அந்த மே மாதம் ஜெனித் யு.இ.எஃப்.ஏ கோப்பையை வென்றது. அடுத்த மாதமே யூரோ கோப்பை. தடை காரணமாக முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. திரும்பி வந்ததும் ஸ்வீடனுக்கு எதிராக ஒரு கோல், காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஒரு கோல். ரஷ்யா அரையிறுதிக்குப் போனது. அந்த ஆண்டின் பாலன் டி'ஓர் பட்டியலில் அவருக்கு 6-வது இடம்!

மைதானத்துக்கு வெளியேயும் ஆள் சுவாரஸ்யமானவர். ஃபேஷன் டிசைனிங் படித்தவர். தன் இணையதளத்தில் ரசிகர்கள் கேட்கும் விநோதக் கேள்விகளுக்கு, அதைவிட விநோதமாகப் பதில் சொல்வார்.

வார்சாவில் விழுந்த அடி

2012 யூரோவில் அவர்தான் கேப்டன். முதல் ஆட்டத்தில் செக் குடியரசை 4-1 என நொறுக்கிய ரஷ்யா, கடைசி லீக் ஆட்டத்தில் கிரீஸிடம் 0-1 எனத் தோற்று வெளியேறியது. வார்சா ஹோட்டலில் கொதிப்போடு கேள்வி கேட்ட ரசிகர்களிடம், ‘உங்கள் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்றால் அது உங்கள் பிரச்னை' என்கிற தொனியில் பதில் சொன்னார் அர்ஷாவின். வீடியோ பரவியது. நாடே கொந்தளித்தது. அதன்பின் அவர் தேசிய அணி ஜெர்ஸியை அணியவே இல்லை.

இப்போது அகின்ஃபீவைப் பாருங்கள். 2014 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராக, கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு கோல் கொடுத்தார். கேலி மழை! அவரோ ரசிகர்களிடம் மன்னிப்பு கேட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, மாஸ்கோவில் ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட். அஸ்பாஸ் அடித்த பந்தை இடது காலால் தட்டிவிட்டார். ரஷ்யா காலிறுதிக்குப் போனது. கேலி செய்த அதே நாடு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது!

கிரீஸிடம் தோற்றதைக்கூட ரசிகர்கள் மறந்திருப்பார்கள். அந்தப் பதிலைத்தான் மறக்கவில்லை.