பழைய காரில் நெடும்பயணம்: ஓடிய தூரம் தடையா? கவனிக்க வேண்டியவை என்ன?

திருவனந்தபுரம்: ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ செல்லலாமா என்ற கேள்வி, விடுமுறைக் காலம் நெருங்கும்போது பல குடும்பங்களில் எழுகிறது. ஓடோமீட்டர் காட்டும் எண் மட்டும் இதற்கு விடையாகாது. காரின் வயதும், அது பராமரிக்கப்பட்ட விதமுமே பயணத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

லட்சக்கணக்கான மைல் ஓடிய கார்கள்

இதற்குத் திருவனந்தபுரத்திலேயே சான்று உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராக இருந்து 2013-ல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் காரைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார். அந்த ஒரு காரில் மட்டும் அவர் 23 லட்சம் மைல் பயணித்ததாகச் செய்திகள் தெரிவிக்கின்றன. அமெரிக்காவின் இர்வ் கார்டன், 1966-ல் வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013 செப்டம்பரில் 30 லட்சம் மைலைக் கடந்து கின்னஸ் சாதனை படைத்தார். உரிய நேரத்தில் ஆயில் மாற்றி, தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றியதையே அவர் காரணமாகக் கூறிவந்தார்.

வயதால் கெடும் பாகங்கள்

கார் ஓடாமல் நின்றாலும் ரப்பர் பாகங்கள் இறுகி வெடிக்கும். எனவே ரேடியேட்டர் ஹோஸ்கள், பெல்ட்கள், டயர்கள் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும். '2318' என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில், அதை மாற்ற வேண்டிய தூரமும் காலமும் கையேட்டில் இருக்கும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிச் சேதமடையும்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கப்படுவதும் கவனத்துக்குரியது. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. பயன்பாட்டுக்குப் பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்களையும் மாற்ற நேரிடலாம் என மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது.

மலைப்பாதையும் பிரேக்கும்

நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக மதுரை செல்லும் சாலையில் பெரிய ஏற்ற இறக்கங்கள் இல்லை. தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை செல்வோர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொன்முடிச் சாலையும் பிரேக்குக்குக் கடும் சோதனையே.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. திருவனந்தபுரம் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் இந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைகிறது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் அழுத்தும்போது ஏறும் வெப்பத்தில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவானால், பெடல் அழுத்தியும் கார் நிற்காது. நகருக்குள் மெதுவாக ஓட்டும்போது இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பிரேக் ஆயிலைப் புறப்படும் முன் மாற்றுவதும், கீழ் கியரில் இறங்குவதும் இதற்கான தீர்வுகள்.

ஆவணங்கள்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக நிர்ணயித்தது. பிஎஸ்-4-க்கு முந்தைய கார்களின் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் 6 மாதங்களுக்கு மட்டுமே செல்லும்.

பதிவு காலாவதியானால் காப்பீட்டுத் தொகையும் கிடைக்காமல் போகலாம். தற்காலிகப் பதிவு முடிந்த வாகனம் ஜோத்பூரில் திருடுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

புறப்படும் முன்

பழுதுபார்ப்புப் பணிகளை இரண்டு வாரங்களுக்கு முன்பே முடித்து, 100 கி.மீ. அளவுக்கு ஓட்டிப் பார்ப்பது நல்லது. புதிதாக மாற்றிய பாகத்தில் குறை இருந்தால் ஊரிலேயே தெரிந்துவிடும். ஸ்டெப்னி டயரின் காற்றையும் சரிபார்க்க வேண்டும். வழியில் வெப்ப அளவுமானி உயர்ந்தால் ஏ.சி.யை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் எஞ்சினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணையும், அவசர காலத்தில் 112 என்ற எண்ணையும் அழைக்கலாம்.