எண்ணெய் டின்னும் அதன் வெள்ளீயப் பூச்சும்

மணிலா வரத்து எப்படி, பாமாயில் விலை ஏறுமா இறங்குமா என்று மளிகைக் கடையில் எண்ணெயைப் பற்றிப் பேசாத நாளே இல்லை. ஆனால் அந்த எண்ணெயைத் தாங்கி நிற்கும் தகர டின்னைப் பற்றி நாம் பேசுவது அது ஒழுகும்போது மட்டும்தான். காலி டின்னை யாருக்கு விற்பது என்ற சிறு விஷயம் இன்று சட்டத்தையும் தொட்டு நிற்பதால், அந்த டின் எப்படி உருவாகிறது, எங்கே கெடுகிறது என்பதை நம் வணிகப் பெருமக்கள் சற்று விவரமாகவே அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். டின் என்பது வெள்ளீயத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர். நம் கடையில் இருக்கும் டின்னிலோ 100க்கு 99 பங்குக்கு மேல் இரும்புதான். வெள்ளீயம் அதன் மேல் ஒரு பூச்சு மட்டுமே. தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. வெள்ளீயம் உணவுக்குப் பாதுகாப்பு. காரீயம் விஷம், உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால்தான் "ஈயம்தானே, பாத்திரத்துக்கே பூசுகிறார்களே" என்று பலர் அலட்சியமாக இருந்து விடுகிறார்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நம் வயதுக்காரர்கள் எல்லாரும் தெருவில் பார்த்திருப்போம். துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி அழுக்கெடுத்து, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் துடைத்து விடுவார்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பதால் அந்த ஏற்பாடு. தகர டின் செய்வதற்கும் முன்னாளில் ஏறக்குறைய இதே முறைதான். இரும்புத் தகட்டை உருகிய வெள்ளீயத்தில் முக்கி எடுத்தார்கள். வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும் என்பதால் அது எளிது. ஆனால் பூச்சு தடிப்பாக விழும், செலவும் அதிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது மின்சாரத்தால் பூசும் முறை பரவியது. இன்று தகடு நீளச் சுருளாக ஓடிக்கொண்டே மின்முலாம் தொட்டிக்குள் போய் வருகிறது. பிறகு பூச்சு மட்டும் உருகும்படி ஒரு கணம் சூடாக்குவார்கள். அப்போதுதான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வருகிறது, இரும்புக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே இரண்டும் கலந்த மெல்லிய படலமும் உண்டாகிறது. கடைசியில் குரோமியச் சேர்மக் கரைசலில் நனைத்து, பெயருக்கு எண்ணெய் தடவி அனுப்புகிறார்கள்.

நம் நாட்டில் இந்தத் தகடு ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் 1922 முதல் தயாராகிறது. 1920இல் பர்மா ஆயில் கம்பெனியும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கிய டின்பிளேட் கம்பெனியே அது. 2024இல் டாட்டா ஸ்டீலோடு இணைந்து விட்டது. தொடங்கியபோது நோக்கம் சமையல் எண்ணெய் அல்ல, மண்ணெண்ணெய் டின். அந்த நாலு காலன் டின்தான் பிறகு தண்ணீர் இறைக்கவும், அரிசி கொட்டி வைக்கவும், கூரை வேயவும் கூடப் பயன்பட்டது. டின்னை வீணாக்காத பழக்கம் நமக்கு அங்கிருந்தே வந்தது போலும்.

பூச்சு எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் 2.8 கிராம் என்பது வழக்கமான பூச்சு அளவுகளில் ஒன்று. 15 கிலோ டின்னின் உட்பரப்பு அரை சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆக, 15 கிலோ எண்ணெயைக் காப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளீயம்! தடிப்பில் தலைமுடியின் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. புது டின்னுக்கு அது போதும். எண்ணெயில் புளிப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் டின் லாரியிலிருந்து விழுந்து நசுங்கினால், கம்பித் தேய்ப்பானால் தேய்த்துக் கழுவினால், சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் அந்த ஒரு கிராம் எத்தனை நாள் தாங்கும்?

பூச்சு போன இடத்தில் இரும்பு எண்ணெயைத் தொடுகிறது. இரும்பும் செம்பும் எண்ணெயைக் காற்றோடு சேர்த்து விரைவில் கெடுக்கும் உலோகங்கள். இரண்டில் செம்பு இன்னும் மோசம். காறல் வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர் கொண்டு வந்து கொடுக்கும் எண்ணெயில், மில்லின் குற்றம் பாதி என்றால் டின்னின் குற்றம் பாதி இருக்கும். அப்படியானால் நம் அண்ணாமலையார் மலை மேல் மகா தீபத்துக்கு 3500 கிலோவும் அதற்கு மேலும் நெய் கொள்ளும் கொப்பரை செம்பில் இருக்கிறதே என்று ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அது நெய்யைச் சேமிக்கும் பாத்திரமன்று, எரிக்கும் பாத்திரம். பதினொரு நாள் தீயையும் மலைக் காற்றையும் மழையையும் தாங்க வேண்டியது அதன் வேலை. நெய்யைக் கெடாமல் வைத்திருப்பது டின்னின் வேலை. 3500 கிலோ என்றால் நம் கணக்கில் 233 டின்னுக்கு மேல்.

இனி டின்னின் பக்கவாட்டு இணைப்புக்கு வருவோம். டின்னில் முதலில் கெடுவது இதுதான். பழைய முறையில் தகட்டின் இரு விளிம்பையும் மடித்துக் கொக்கி போல் பூட்டி, மேலே பற்று வைப்பார்கள். உலகெங்கும் உணவு டப்பாக்களுக்குப் பற்று வைத்த உலோகத்தில் காரீயமே மிகுதி. அமெரிக்காவில் உணவு டப்பாக்களுக்குக் காரீயப் பற்றை 1995இல் தடை செய்தார்கள். புதிய முறையில் பற்றே கிடையாது. விளிம்புகளை ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை அளவுக்கு ஏற்றி, செம்புக் கம்பி சுற்றிய உருளைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ச்சி, அந்தச் சூட்டிலேயே ஒட்ட வைக்கிறார்கள். டின்னின் பக்கத்தில் மடிப்பின்றி ஒல்லியான கருங்கோடு மட்டும் ஓடினால் அது வெல்டிங் டின். தடித்த மடிப்பும் சாம்பல் நிறப் பற்றும் தெரிந்தால் பழைய முறை. வெல்டிங்கிலும் ஒரு குறை உண்டு: சூட்டில் அந்தக் கோட்டின் மேல் பூச்சு போய்விடும். அதனால் அங்கே அரக்கு வண்ணம் பூச வேண்டும். பூசாத டின்னில் துரு அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கும். கொள்முதலின்போது மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்து அந்த ஓர் அங்குலத்தைப் பார்த்தாலே போதும்.

லேசர் வெல்டிங் வந்துவிட்டதே, இதற்கும் வராதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1960இல் லேசர் பிறந்தது. ஆலைகளில் வெட்டவும் ஒட்டவும் பெரிதும் பயன்பட்ட கரியமில வாயு லேசரை 1964இல் கண்டவர் மகாராஷ்டிரத்தில் கரும்பு விளையும் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்பது நமக்குப் பெருமையே. சூடு ஊசிமுனை அளவில் விழுவதால் சுற்றிலுமுள்ள பூச்சு அதிகம் கருகாது என்பது அதன் சிறப்பு. இரும்பாலைகளில் ஒரு சுருளின் முடிவை அடுத்த சுருளின் தொடக்கத்தோடு ஒட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டப்பா மலிவான பொருள். லேசருக்கு விளிம்புகள் இம்மியும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், இயந்திரத்தின் விலையும் அதிகம். எனவே டப்பாத் தொழிலில் மின்சார உருளை முறையே நிலைத்துவிட்டது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் காலை, அன்னதானம் நடந்த பந்தல்களின் ஓரம் காலி டின்கள் அடுக்கியிருக்கும். பொழுது விடியுமுன் வாங்க ஆள் வந்துவிடுவார்கள். கடைகளுக்கும் வருகிறார்கள். பழைய இரும்புக் கடையில் எடை போட்டால் ஒரு டின் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். இவர்களோ நசுங்காத டின்னாகப் பார்த்து, உருப்படிக்கு அதைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள். ஏன் தருகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அந்த டின் கழுவப்பட்டு, வெட்டிய வாய்க்குக் காரீயப் பற்று வைக்கப்பட்டு, மறுபடி எண்ணெய் நிரம்பி, யாரோ ஒரு சில்லறை வணிகர் கடைக்கே திரும்புகிறது. முன்பு அதில் இருந்தது எண்ணெயா, பெயின்டா, பூச்சிமருந்தா என்பது யாருக்கும் தெரியாது. நமக்கே ஒரு முறை ஒரு மில்லிலிருந்து, பெயர் இங்கு வேண்டாம், வந்த சரக்கில் பல டின்கள் அடிமடிப்பில் கசிந்தன. திறந்து பார்த்தபோது புது லேபிளுக்கு அடியில் இன்னொரு கம்பெனியின் பழைய அச்சு!

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1998இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே ஆண்டில் சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டே விற்க வேண்டும் என்ற மத்திய ஆணை வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள், ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மீண்டும் சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்றன. துருப்பிடித்த பாத்திரம், சரியாக ஈயம் பூசாத செம்பு பித்தளைப் பாத்திரம் ஆகியவையும் அதே விதியில் விலக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டின் பொட்டல விதிகளும் தகர டின்னை உணவுக்கு மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. எண்ணெய், நெய், வனஸ்பதிக்கான 15 கிலோ சதுர டின்னுக்கென்றே ஐ.எஸ். 10325 என்ற தரம் இருக்கிறது.

இதில் சிரமம் யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிக்குப் புது டின் ஒரு பொருட்டல்ல. செங்கம், போளூர்ப் பக்கம் மணிலா வாங்கி நாளைக்குப் பத்து டின் ஆட்டும் செக்குக்காரருக்குப் புது டின் விலை பெரிய பாரம். ஆய்வுக்கு வரும் அதிகாரி மாதிரி எடுப்பதும் நம் கடையில்தான், வழக்கு முதலில் வருவதும் நம் பெயரில்தான். டின்னைக் கழுவி நிரப்பியவர் எங்கோ இருப்பார். ஆகவே பில்லில் உற்பத்தியாளர் பெயர், உரிம எண், தயாரிப்பு அணி எண் மூன்றும் இல்லாத டின்னை இறக்க வேண்டாம். பில்லைப் பார்க்கும்போதே 15 கிலோவா, 15 லிட்டரா என்பதையும் பார்த்துவிடுங்கள். 15 லிட்டர் கடலை எண்ணெய் எடையில் 13.65 கிலோ அளவுதான். இரண்டு டின்னும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

கடைக்குள் டின்னை வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். உப்பு மூட்டைக்கும் புளிக்கும் பக்கத்தில் வேண்டாம். மழைக்காலத்தில் உப்பு கசியும் நீர் அடிமடிப்பை ஒரே மாதத்தில் தின்றுவிடும். காலி டின்னைப் பக்கத்தில் கோடரியால் ஒரு வெட்டு வெட்டி, பழைய இரும்பாகவே எடைக்குப் போடுங்கள். உருப்படிக்குக் கிடைக்கும் சில ரூபாய் போகும், அது உண்மைதான். அந்த இழப்பை ஈடுகட்ட, சிறு செக்குக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு புது டின்னைச் சங்கத்தின் மூலம் லாரி கணக்கில் கூட்டாகக் கொள்முதல் செய்யலாம் என்ற யோசனையை அடுத்த பொதுக்குழுவில் வைக்க இருக்கிறோம். மாதம் எத்தனை டின் தேவைப்படும் என்பதை உறுப்பினர்கள் அதற்குள் எழுதிக் கொடுத்தால் விலை பேச வசதியாக இருக்கும்.